அத்தியாயம் 6: கேனின் கழுத்திலிருந்து கருப்பை வரை – உறைவிந்தைக் கையாளும் முறை

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம்–திருவள்ளூர் சாலையில் இருக்கிறது அலமாதி. மத்திய அரசின் முர்ரா எருமைப் பண்ணையும், தேசிய பால்வள வாரியத்தின் துணை நிறுவனமான என்.டி.டி.பி. டெய்ரி சர்வீசஸ் நடத்தும் உறைவிந்து நிலையமும் அங்கேதான். மாநில அரசு கால்நடை மருந்தகங்களுக்கு ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் பக்கத்து ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களிலிருந்தும் உறைவிந்துக் குச்சிகள் வருகின்றன. எங்கிருந்து வந்தாலும் செய்முறை ஏறக்குறைய ஒன்றே. பொலிகாளைகளுக்குக் காசநோய், கருச்சிதைவு நோய் போன்றவை இருக்கின்றனவா என்று அவ்வப்போது பரிசோதனை. எடுத்த விந்து நுண்ணோக்கியில் தேறினால்தான் அடுத்த கட்டம். 0.25 மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒவ்வொன்றிலும் 2 கோடி விந்தணு. உறையவைத்த பிறகு மாதிரிக்குச் சில குச்சிகளை உருக்கிப் பார்ப்பார்கள். பாதி விந்தணுவாவது நீந்த வேண்டும், இல்லையென்றால் அந்தத் தொகுதியே கழிவு.

அதாவது நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு குச்சிக்குள் குறைந்தது 1 கோடி விந்தணு உயிரோடு இருக்கிறது. அம்பத்தூர் சந்து ஒன்றில் கட்டியிருக்கும் ஜெர்சி கலப்பு மாட்டின் கருப்பையில் போய்ச் சேரும்போது எத்தனை மிஞ்சுகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

"மூணு சினை ஊசி போட்டாச்சு சார், நிக்கல" என்று மாட்டுக்காரர் சொன்னால், வழக்கமாகப் பழி மாட்டின் மேலோ காளையின் மேலோ விழும். மாட்டிலும் குறை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் செத்த விந்தும் உயிருள்ள விந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். நிறம் மாறாது, நாற்றம் வராது. கெட்டுப்போன பாலைக் கொதிக்கவைத்தால் தெரிந்துவிடும். கெட்டுப்போன குச்சி 21 நாள் கழித்து மாடு மறுபடி கத்தும்போதுதான் தெரியும். அதனால்தான் ஊசி போடுபவர் தன் கையை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்கிறேன்.

குளிர் எப்படிக் காக்கிறது, எப்படிக் கொல்கிறது

இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் நடந்தது. செய்தவர் டாக்டர் சம்பத்குமாரன். அப்போது உறைவிந்து கிடையாது. எடுத்த விந்தைச் சீக்கிரமே செலுத்தியாக வேண்டும். 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் கிளிசரால் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று கண்டுபிடித்த பிறகுதான் இன்றைய முறைக்கு வழி பிறந்தது.

தண்ணீர் உறையும்போது கூரான பனிப் படிகங்கள் உண்டாகி விந்தணுவின் சவ்வைக் குத்திக் கிழிக்கும். கிளிசராலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த கரைசல் இந்தச் சேதத்தைக் குறைக்கிறது. திரவ நைட்ரஜனின் −196 டிகிரியில் குச்சிக்குள் எதுவும் அசையாது. பல வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். சிக்கல் நடுவில்தான். −130 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏற, அடங்கிக் கிடந்த சின்னப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகத் தொடங்கும். குச்சி இன்னும் உறைந்துதான் இருக்கும், உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். திருப்பி நைட்ரஜனில் முக்கினால் குளிர் திரும்பும், செத்தது திரும்பாது. இப்படி ஒவ்வொரு முறை தூக்கும்போதும் சேர்கிற சேதம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

கேன்

வீதி வீதியாகப் போய் ஊசி போடுகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 3 லிட்டர் திரவ நைட்ரஜன் கேன். மருந்தகத்தில் 20, 35 லிட்டர் என்று பெரியது இருக்கும். எல்லாமே இரட்டைச் சுவர். இடையில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். உள்பாத்திரம் வெளிப்பாத்திரத்தோடு கழுத்தில் மட்டும்தான் பிணைந்திருக்கிறது. கேனைத் தரையில் இழுப்பது, சாய்த்து உருட்டுவது, பைக்கிலிருந்து 'டொம்' என்று இறக்குவது எல்லாம் அந்தக் கழுத்தைத்தான் உலுக்கும். ஆவடி–பூந்தமல்லி சாலையின் பள்ளங்களையும் வேகத்தடைகளையும் நினைத்துக்கொண்டு, பின் இருக்கையில் ரப்பர் மெத்தை போட்ட சட்டத்தில் கேனை நிமிர்த்திக் கட்டுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போவது இரண்டு வகையில் தவறு. கேன் சாயும் என்பது ஒன்று. மற்றது உயிர் சம்பந்தப்பட்டது: 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய வண்டியில் அது மூச்சுக்காற்றை விரட்டிவிடும், அதுவும் வாசனையே இல்லாமல். காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கி வையுங்கள். அறையில் வைத்தால் ஜன்னல் இருக்கட்டும்.

மூடி தொலைந்துவிட்டால் துணியைச் சுருட்டி அடைப்பவர்களும் ரப்பர் கார்க்கை அழுத்திச் செருகுபவர்களும் உண்டு. கேனின் மூடி தளர்வாக இருப்பது குறையல்ல. ஆவியாகும் நைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். இறுக்கி அடைத்தால் அழுத்தம் ஏறி கேன் வெடிக்கும். அதே கேனுக்குரிய மூடியை வாங்கிப் போடுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை.

நைட்ரஜன் அளவை வாரத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள், சித்திரை, வைகாசியில் இன்னும் அடிக்கடி. மர அளவுகோலையோ கேனோடு வந்த பிளாஸ்டிக் அளவுகோலையோ அடிவரை விட்டுப் பத்து விநாடி வைத்து, எடுத்துக் காற்றில் ஆட்டினால் வெள்ளையாகப் பனி படியும், அதுதான் அளவு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பனி சட்டென்று படிந்துவிடும் என்பது ஒரு வசதி. உள்ளே ஓட்டையான குழாயை விடாதீர்கள். திரவம் அதன் வழியே பீய்ச்சி முகத்தில் அடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்ள வேண்டும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் குறைகிறது, கேனின் வெளிப்புறம் வேர்க்கிறது, கழுத்தைச் சுற்றிப் பனி கட்டுகிறது என்றால் வெற்றிடம் போய்விட்டது. அன்றைக்கே குச்சிகளை வேறு கேனுக்கு மாற்றுங்கள். "நாளைக்கு நைட்ரஜன் வண்டி வரும்" என்று காத்திருந்தால் காலையில் கேன் காலியாக இருக்கும்.

கழுத்தில்தான் கண்டம்

என் கணிப்பில், களத்தில் வீணாகும் விந்தில் பெரும்பகுதி இந்த நாலைந்து அங்குலத்தில்தான் வீணாகிறது. கேனுக்குள் அடியில் −196. கழுத்தில் மேலே வர வர வெப்பம் வேகமாக ஏறும். விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழேயே −80 வாக்கில் இருக்கும். குச்சி இருக்கும் கேனிஸ்டரை நீங்கள் வாய் வரை தூக்கிவிட்டால், எடுக்கப்போகும் ஒரு குச்சி மட்டுமல்ல, அதோடு இருக்கும் மற்றக் குச்சிகளும் அந்தச் சூட்டைப் பார்க்கின்றன. எடுத்த குச்சி அடுத்த நிமிடம் உருகப்போகிறது. அதற்குப் பெரிய நட்டமில்லை. உள்ளே திரும்பிப் போகும் குச்சிகள்தான் பாவம். அவை அடுத்த வாரம் வேறொருவர் மாட்டுக்குப் போகும்.

ஆகவே கேனிஸ்டரைக் கழுத்தின் விளிம்புக்கு இரண்டு, மூன்று அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். நீண்ட ஃபோர்செப்ஸால் ஒரு குச்சியைப் பற்றி எடுங்கள், விரலால் தொடாதீர்கள். எட்டு விநாடிக்குள் எடுக்க முடியவில்லையா, கேனிஸ்டரை இறக்கி நைட்ரஜனில் முழுக விட்டு, அரை நிமிடம் பொறுத்து மறுபடி தூக்குங்கள். வெளியே வந்த குச்சியை ஒரு உதறு உதறினால் அடைப்பில் ஒட்டியிருக்கும் நைட்ரஜன் துளி விழுந்துவிடும்; இல்லையென்றால் தண்ணீரில் போட்டதும் குச்சி வெடிக்கக்கூடும்.

எட்டு விநாடி போதவில்லை என்று சொல்பவர்களைக் கவனித்தால் காரணம் ஒன்றே: தேடுகிறார்கள். ஜெர்சி எது, முர்ரா எது, எந்தக் கோப்ளெட்டில் (கேனிஸ்டருக்குள் குச்சிகள் நிற்கும் சின்னக் குவளை) போட்டோம் என்று கேனிஸ்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். கேனிஸ்டர் எண்ணையும் உள்ளே இருப்பதையும் ஒரு அட்டையில் எழுதிக் கேனிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். எந்தக் காளை, எத்தனை குச்சி மிச்சம் என்பது கேனைத் திறக்காமலே தெரிய வேண்டும். இந்த ஒரு அட்டை, விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட அதிகக் கன்றுகளைத் தரும்.

பெரிய கேனிலிருந்து சின்ன கேனுக்கு மாற்றும்போது இரண்டையும் ஒட்டி வைத்து, கோப்ளெட்டில் நைட்ரஜன் நிறைந்திருக்கும்போதே அப்படியே தூக்கி மாற்றுங்கள். மூன்று, நான்கு விநாடிக்குள் வேலை முடிய வேண்டும். மருந்தகத்தில் பெரிய கேன் பெரும்பாலும் மேசையோரம், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும். புழுக்கத்தில் விசிறியை நிறுத்த யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் வீசும் காற்றில் குச்சி வெகு சீக்கிரம் சூடேறும். மாற்றி முடிக்கும்வரை விசிறியை நிறுத்துங்கள், வெயில் படும் இடத்தில் திறக்காதீர்கள்.

முப்பது விநாடி

−196-இலிருந்து 37-க்கு: 233 டிகிரி ஏற்றம், அரை நிமிடத்தில். வேகமாக உருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சூட்சுமம். ஆபத்தான நடுவெப்பநிலையில் குச்சி எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது.

"நம்ம ஊர் வெயிலே முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கே, தண்ணி எதுக்கு?" என்று கேட்பார்கள். காற்று வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். தண்ணீர் விரைவாகக் கடத்தும். காற்றில் தானாக உருகும் குச்சி அந்த ஆபத்தான நடுவழியில் நெடுநேரம் நிற்கிறது. சட்டைப் பையில் போட்டு உருக்குவது, அக்குளில் வைப்பது, வாயில் கவ்விக்கொள்வது, ஏ.ஐ. கன்னில் (விந்து செலுத்தும் கருவி) ஏற்றி நேரே மாட்டுக்குள் விட்டு அங்கேயே உருகட்டும் என்று விடுவது எல்லாம் இந்த வகைதான். அனுபவசாலிகளே செய்கிறார்கள், "இருவது வருஷமா இப்படித்தான் போடறேன், நிக்குதே" என்கிறார்கள். நிற்காதவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை.

தெர்மாஸ் குடுவையில் 37 டிகிரித் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், கைக்கடிகாரம் அல்லது போன். இவ்வளவே தேவை. மாட்டுக்காரர் வீட்டுத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் போதாது. கத்திரி வெயில் மதியத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அதில் போட்டால் விந்தணு வெந்துவிடும். குளிர்ந்ததும் கொதிப்பதும் ஒரே குழாயில் வருகின்றன என்பதால்தான் தெர்மாமீட்டர் வேண்டும். குச்சி முழுவதும் முழுக வேண்டும், 30 விநாடிக்குக் குறையக் கூடாது. ஒரு மாட்டுக்கு ஒரு குச்சி. தெருவில் நாலு மாடு என்றாலும் நாலையும் ஒன்றாக உருக்காதீர்கள். உருகிய குச்சியை மீண்டும் உறையவைக்க வழியே கிடையாது.

எடுத்ததும் டிஷ்யூ தாளாலோ சுத்தமான துணியாலோ ஈரம் போகத் துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விந்தோடு கலந்தாலும் அது படும் விந்தணு ஊதி வெடித்துச் சாகும். துடைக்கும்போதே குச்சியில் அச்சிட்ட காளை எண், இனம், நிலையம், தேதியைப் படித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்.

குச்சியிலிருந்து மாட்டுக்கு

குளிர் நாட்டு நூல்கள் ஏ.ஐ. கன்னை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லும். குளிர்ந்த உலோகம் விந்துக்கு அதிர்ச்சி தரும் என்பதால். மார்கழியில் நமக்கும் அது பொருந்தும். ஆனால் மே மாதம் பைக் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த கன் தொட்டாலே சுடும். இங்கே கவலை எதிர்த்திசையில் இருக்கிறது. கன்னையும் அதன் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையான ஷீத்தையும் துணியில் சுற்றி, நிழலில் வையுங்கள். ஏற்றும் முன் கையால் பிடித்துப் பாருங்கள். உங்கள் உடம்புச் சூட்டைவிடச் சூடாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

குச்சியின் ஒரு முனையில் பஞ்சு அடைப்பு இருக்கும். அந்த முனை கன்னுக்குள் போக வேண்டும். மறுமுனை, நிலையத்தில் ஒட்டியது, வெளியே. அந்த முனையில் இருக்கும் காற்றுக்குமிழ் வழியாக, ஒரு சென்டிமீட்டர் விட்டு, நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் ஷீத்தோடு சரியாகப் பொருந்தாமல் விந்து பின்னால் கசியும். கோணல் வெட்டுக்குப் பெரும்பாலும் மழுங்கிய கத்தரிக்கோல்தான் காரணம். புதிய ஷீத், ஒரு மாட்டுக்கு ஒன்று. ஏற்றிய கன்னைப் பல்லில் கவ்விக்கொண்டு மாட்டின் வாலைப் பிடிக்கும் காட்சி நாம் எல்லோரும் பார்த்ததுதான், வேண்டாம். சட்டைக்குள், முதுகுப் பக்கம் செருகிக்கொண்டால் வெயிலும் படாது, கையும் காலி.

மாட்டைக் கட்டி, சாணம் எடுத்து, பருவம் உறுதிதானா என்று பார்த்த பிறகுதான் குச்சியை உருக்க வேண்டும். பல இடங்களில் வரிசை தலைகீழ்: முதலில் உருக்கிவிட்டு, பிறகு மாட்டுக்காரரைக் கயிறு தேடச் சொல்கிறார்கள். உருக்கியதிலிருந்து செலுத்தும்வரை பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து.

கன் கருப்பைக் கழுத்தைத் தாண்டியதும் நிறுத்துங்கள். கருப்பை உடலில், கழுத்து முடியும் இடத்தில் விட்டால் போதும். கொம்பு வரை தள்ளினால் உட்சுவரைக் காயப்படுத்துவீர்கள். ஐந்து விநாடி எடுத்து மெல்ல அழுத்துங்கள். பாலினம் பிரித்த குச்சியாக இருந்தால் இன்னும் கவனம். பத்தில் ஒன்பது கிடேரிக் கன்று என்று அதை விரும்பி வாங்குகிறார்கள், ஆனால் அதில் விந்தணு எண்ணிக்கை சாதாரணக் குச்சியைவிடப் பல மடங்கு குறைவு. சாதாரணக் குச்சி மன்னிக்கும் தவறை அது மன்னிக்காது.

மாடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உறைவிந்தை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தாலும் பருவம் தப்பினால் வீண். நம் பகுதியில் இது தனிச் சிக்கல். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. மேய்ச்சல் நிலம் வீட்டுமனை ஆகிவிட்டது. தெருவில் விட்டால் பிடித்துக்கொண்டு போய் அபராதம் போடுகிறார்கள். மாடு நாள் முழுக்கக் கட்டுத்தறியிலேயே நிற்கிறது. மந்தையில் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று தாவும், பருவம் தூரத்திலிருந்தே தெரியும். தனியாகக் கட்டிய மாட்டில் அந்த அடையாளமே இல்லை. கத்துவது, பால் திடீரென்று குறைவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, பிறப்புறுப்பு தடித்துச் சிவப்பது, கண்ணாடி போன்ற வழும்பு கயிறாகத் தொங்குவது இவற்றைத்தான் நம்ப வேண்டும். சிமெண்ட் தரையைக் கழுவிவிடும் முன் மாடு படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். வழும்பு அங்கே கிடக்கும். எருமை என்றால் இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடியலில் ஒருமுறை பார்க்க வேண்டும். கோடையில் அது பெரும்பாலும் சத்தமே போடாது.

காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. விடியற்காலை நாலரைக்குப் பால் கறக்கும்போது கண்டு, ஆறு மணிக்குப் போன் செய்து, "அண்ணே, உடனே வாங்க" என்று அவசரப்படுத்துவதில் பயனில்லை. பருவம் தொடங்கி ஏறக்குறைய ஒரு நாளுக்குப் பிறகுதான் முட்டை வெளியாகும். வழும்பில் ரத்தம் கலந்து வந்தால் பருவம் முடிந்துவிட்டது. அன்று ஊசி போட்டால் பணம்தான் போகும், அடுத்த 18-ஆம் நாளிலிருந்து கவனியுங்கள். வெள்ளையாகவோ சீழாகவோ வந்தால் முதலில் மருத்துவம், பிறகு ஊசி. கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகும்வரை பொறுங்கள்.

ஊசி போட வருபவரிடம் தயங்காமல் மூன்று விஷயம் கேளுங்கள்: "சார், தெர்மாமீட்டர் இருக்கா? எந்தக் காளை? குச்சியைக் கொஞ்சம் குடுங்க." வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காலிக் குச்சியை வாங்கி, தேதியை எழுதிய தாளில் ஒட்டி வையுங்கள். காது வில்லையின் 12 இலக்க எண்ணில் அந்தப் பதிவு ஏறியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் பிறக்கும் கிடேரிக்கு அதன் தகப்பன் காளையின் விந்தையே போட்டுவிடாமல் இருக்க இந்தத் தாள்தான் ஆதாரம்.

21-ஆம் நாள் மாடு கத்தவில்லை என்பதால் சினை என்று முடிவு கட்டாதீர்கள்; இரண்டு, மூன்று மாதத்தில் கையிட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சரியான நேரத்தில், சரியான முறையில் மூன்று முறை போட்டும் நிற்காவிட்டால் நாலாவது ஊசிக்கு அவசரப்படாமல், சேர்த்து வைத்த காலிக் குச்சிகளையும் தேதிகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால், வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு மாட்டை ஏற்றிச் செல்லுங்கள்.